ஊருக்கு உழைக்கப் போனவன் ஊரை அறிய வேண்டாமா?

ஓர் அஞ்சலட்டை! உள்ளங்கை அகலம்தான். எழுதியிருந்தது சில வரிகள்தான். ஆனால் அந்த அட்டை ஒரு பல்கலைக் கழகக் கல்லூரியைக் குலுக்கிற்று. இரண்டு நாட்டு அரசுகளைத் திடுக்கிட வைத்தது. தொண்டு செய்யவென்று கடல் கடந்து வந்த ஓர் இளநங்கையை வந்த வழியே திருப்பி அனுப்பிற்று!

1961ஆம் ஆண்டு, அக்டோபர் திங்கள். நைஜீரியா நாட்டு இபாதான் நகரம். வெள்ளையர் ஆட்சி விலகி ஓராண்டு நிறைந்த நேரம். ஏற்றிய விடுதலைக் கொடியின் சாயம்கூட வெளுக்கவில்லை. அங்கே வந்து இறங்கியிருந்தனர் அமெரிக்க 'அமைதிப் படை' இளைஞர்கள், பள்ளிகளில் பாடம் சொல்லித் தர. வகுப்புக்குப் போகுமுன் அங்குள்ள பல்கலைக் கழகக் கல்லூரியிலே அவர்களுக்குப் பயிற்சி. அவர்களில் ஒரு பெண், தாயகத்திலிருந்த நண்பருக்கு அட்டை எழுதினார். எங்கு பார்த்தாலும் அழுக்கு, பின்தங்கிய வாழ்க்கை, சமைப்பதும் விற்பதும் இன்ன பிறவும் தெருவிலேயே — இந்தக் கருத்துப்பட எழுதினார். அஞ்சல் பெட்டிக்குப் போய்ச் சேரவேண்டிய அட்டை வழியிலே விழுந்தது. நைஜீரிய மாணவர் கையில் சிக்கிற்று. பிறகு கேட்க வேண்டுமா! படிகள் எடுக்கப்பட்டன; கைக்குக் கை பறந்தன; கூட்டம் கூடிற்று; "வெளியேற்று!" என்ற முழக்கம் எழுந்தது. அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டார். நாட்டை விட்டும் வெளியேறினார்.

பொய்யா எழுதினார் அந்தப் பெண்? இல்லை. தெருவிலே சமையல் நடந்தது உண்மை. வறுமை இருந்தது உண்மை. பிறகு ஏன் அத்தனை சீற்றம்?

தோழர்களே! நம் வீட்டுக்கு வந்த விருந்தாளி திண்ணையிலே உட்கார்ந்துகொண்டு, "இந்த வீட்டுக் கூரை ஒழுகுகிறது" என்று தன் ஊருக்குக் கடிதம் எழுதினால் நமக்கு எப்படி இருக்கும்? கூரை ஒழுகுவது மெய்தான். நமக்குத் தெரியாததா? மழை கொட்டும் இரவெல்லாம் பானையும் சட்டியும் வைத்து ஏந்துபவர்கள் நாம்தானே! சினம் எதனால் வருகிறது? ஒழுகுகிறது என்று சொன்னதனால் அல்ல. நம்மோடு ஒரு மழையிரவுகூட நனையாதவர் சொன்னதனால்!

இதை நாம் எழுதுவது அந்தப் பெண்ணைப் பழிக்க அல்ல. வந்து சில வாரமே ஆன பிள்ளை. நல்ல நெஞ்சு இருந்தது, படிப்பு இருந்தது, துணிவு இருந்தது. இல்லாதது ஒன்றே — ஊரிலே ஊன்றி நிற்கக் காலம். கண் பார்த்துவிட்டது, நெஞ்சு இன்னும் குடிவரவில்லை! அயல்நாட்டுக்குத் தொண்டனாகப் போகிற ஒவ்வொருவருக்கும் இந்த இடர் உண்டு. கண் விமானத்தில் வருகிறது. நெஞ்சு கால்நடையாக வருகிறது.

அதே ஆண்டில் மற்றொரு காட்சியும் நடந்தது. ஆகஸ்ட் 30ஆம் நாள், கானா நாட்டுத் தலைநகர் அக்ரா. அமைதிப் படையின் முதல் அணி, ஐம்பது பேரளவில், விமானத்திலிருந்து இறங்கிற்று. வரவேற்க அமைச்சரும் அதிகாரிகளும் நிற்கிறார்கள். இறங்கியவர்கள் என்ன செய்தார்கள்? "உங்களுக்கு இன்னின்ன கொண்டுவந்தோம்" என்று பட்டியல் படிக்கவில்லை. வரிசையாக நின்று, அந்த மக்களின் துவி மொழியிலே, அந்த மக்களின் நாட்டுப்பற்றுப் பாடலைப் பாடினார்கள். குரல் இனிமையாக இருந்ததோ இல்லையோ, ஒலிப்பு சரியாக இருந்ததோ இல்லையோ, "உங்கள் மொழியைக் கற்க முயன்றுகொண்டு வந்திருக்கிறோம்" என்ற செய்தி அதிலே இருந்தது. ஒரே படை, ஒரே ஆண்டு, இரண்டு திங்கள் இடைவெளி. ஒரு பாட்டு கதவைத் திறந்தது. ஓர் அட்டை கதவைச் சாத்திற்று!

இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால், நாம் சொல்ல வந்தது விளங்கும். அயல்நாட்டுத் தொண்டனுக்கு ஊரிலே குடியமர்வது என்பது வேலைக்கு முன்னுரை அல்ல. அதுவே வேலையின் முதற் பாதி. அந்த முதற் பாதியைத் தாண்டிக் குதிக்கிறவன், பிற்பாதியைக் கெடுக்கிறான்.

*

இந்தத் தொண்டு முறை எப்படி வளர்ந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 1914இல் மூண்ட உலகப் போர் ஓய்ந்தபின், பியர் செரெசோல் என்ற சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் 1920இல் பிரான்சு நாட்டு வெர்டன் போர்க்களத்தருகே, குண்டு வீச்சிலே சிதைந்த எஸ்ன் என்னும் சிற்றூரில், பல நாட்டாரைச் சேர்த்துக்கொண்டு மண்வெட்டியும் கடப்பாறையுமாக இறங்கினார். துப்பாக்கி பிடித்த கை மண்வெட்டி பிடிக்கட்டும் என்றார். 1934இல் பீகாரிலே நிலநடுக்கம் ஊர்களைத் தரைமட்டமாக்கியபோது அதே மனிதர் இந்தியாவுக்கும் வந்து குடியானவர்களோடு சேர்ந்து ஊர் எழுப்பினார்.

1958இல் பிரிட்டனில் அலெக் டிக்சன் என்பவரும் அவர் துணைவியார் மோராவும் 'வி.எஸ்.ஓ.' என்ற கடல் கடந்த தொண்டு அமைப்பைத் தொடங்கினர். முதலில் போனவர்கள் யார்? பள்ளிப் படிப்பு முடித்த பதினெட்டு வயதுப் பிள்ளைகள்! சரவாக், கானா முதலிய நாடுகளுக்குப் போனார்கள். உணவு, உறையுள், கைச்செலவுக்குச் சிறு தொகை, இவ்வளவுதான் ஊதியம். நாளடைவில் அந்த அமைப்பே ஒன்றைக் கண்டுகொண்டது: நல்லெண்ணம் மட்டும் போதாது, கையிலே தொழிலும் வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் போய், செவிலியர், ஆசிரியர், பொறியாளர், வேளாண்மை அறிந்தவர் என்று ஆட்கள் மாறினர்.

அமைதிப் படையோ அரசு நிறுவனம். கென்னடி 1961 மார்ச் முதல் நாள் ஆணையிட்டுத் தோற்றுவித்தது. நம் நாட்டுக்கும் அது வந்தது; 1961 முதல் 1976 வரை அதன் தொண்டர்கள் இங்கே கோழி வளர்ப்பிலும் வேளாண்மையிலும் வேறு துறைகளிலும் பணியாற்றினர். இன்றுவரை 140க்கு மேற்பட்ட நாடுகளில், இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அதன் வழியே போய் வந்திருக்கிறார்கள்.

ஒன்று அரசின் கை, மற்றது அறநிறுவனத்தின் கை. ஆனால் போய் இறங்கிய தொண்டனின் முதல் இரவு இரண்டிலும் ஒன்றுதான். கொசுவலைக்குள்ளே படுத்துக் கண் விழித்துக் கிடக்கிறான்; வெளியே பெயர் தெரியாத பூச்சி கத்துகிறது; "இங்கே எதற்கு வந்தோம்?" என்ற கேள்வி உள்ளே கத்துகிறது!

*

கலெர்வோ ஓபர்க் என்றொரு மாந்தரியல் அறிஞர். 1954இல் பிரேசில் நாட்டு ரியோ நகரத்திலே ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அயல்நாட்டிலே போய் வாழ்கிறவன் மனம் என்ன பாடு படுகிறது என்பதை நான்கு படிகளாகப் பிரித்துக் காட்டினார்.

முதற்படி, தேனிலவு. காண்பதெல்லாம் அழகு, கேட்பதெல்லாம் இசை. இரண்டாம் படி, கசப்பு. தண்ணீர் பிடிக்கவில்லை, சோறு இறங்கவில்லை, கடைக்காரன் ஏமாற்றுகிறான் என்று தோன்றுகிறது, அலுவலகத்திலே ஒரு தாளுக்கு மூன்று நாள் நடக்க வேண்டியிருக்கிறது. அப்போது தன் நாட்டார் நாலு பேரைத் தேடிப் பிடித்து, ஒரு மூலையிலே உட்கார்ந்து, அந்த ஊரைக் குறை பேசுவதிலே ஒரு சுகம் பிறக்கிறது. இந்த ஊரார் இப்படித்தான், இவர்கள் திருந்தமாட்டார்கள்! மூன்றாம் படியில் மொழி கொஞ்சம் பிடிபடுகிறது. தன்னைப் பார்த்தே சிரிக்க வருகிறது. நான்காம் படியில் அந்த ஊர்ச் சோறு, சோறாகிவிடுகிறது.

இதிலே கவனிக்கத்தக்கது எது? கசப்பு நோய் அல்ல; அது வழியிலுள்ள மேடு. ஏறித்தான் தீரவேண்டும். ஏறாமல் அங்கேயே உட்கார்ந்து விடுகிறவனே ஆபத்தானவன். இரண்டாம் படியிலே நின்றுகொண்டு அறிக்கை எழுதுகிறான். இரண்டாம் படியிலே நின்றுகொண்டு திட்டம் தீட்டுகிறான். ஆறு திங்களிலே ஊர் திரும்பி, தேர்ந்தவன் என்ற பெயரும் எடுத்துவிடுகிறான்!

மேட்டை ஏறுவதற்கு ஏணி எது? மொழி! வேறு எதுவும் இல்லை. அமைதிப் படையிலே ஏறத்தாழ மூன்று திங்கள் பயிற்சி, அதில் பெரும்பகுதி உள்ளூர்க் குடும்பம் ஒன்றிலே தங்கி மொழி கற்பது. அதற்குப் பிறகே இரண்டாண்டுப் பணி. முதுகலை படித்தவர், மூன்று வயதுக் குழந்தையிடம் சொல் கேட்டுக் கற்கிறார். பாட்டி சிரிக்கிறாள், பையன்கள் கேலி செய்கிறார்கள். நல்லது! கொடுக்க வந்தவன் என்ற செருக்கு அந்தச் சிரிப்பிலேதான் கரைகிறது.

ஒவ்வோர் ஊருக்கும் ஓர் இலக்கணம் உண்டு. அது நூலில் இல்லை. கானா நாட்டு ஆகான் மக்களிடம் போனால், முதலில் குடிக்கத் தண்ணீர் தருவார்கள். அதன் பிறகே வந்த காரியம் கேட்பார்கள். தண்ணீரைப் புறக்கணித்துவிட்டுக் காரியத்தைத் தொடங்குகிறவன், காரியத்தையே இழக்கிறான். இபாதான் நகரம் இருக்கிற யொரூபா நாட்டிலே, மூத்தோர் முன் ஆண் நெடுஞ்சாண்கிடையாக விழுவதும் பெண் முழந்தாளிடுவதும் மரபு. தான்சானியாவில் இளையவன் "ஷிகமூ" என்பான். பெரியவர் "மரஹபா" என்று ஏற்பார். அதன் பிறகுதான் பேச்சு. வீட்டு வாசலில் நின்று "ஹோடி" என்று குரல் கொடுத்து, உள்ளிருந்து "கரிபு" என்று பதில் வந்தால்தான் கால் உள்ளே வைக்கலாம். நேபாளத்து மலையூரிலே எதிர்ப்படுகிறவர் "சாப்பிட்டாயா?" என்றுதான் கேட்பார். அதை நமக்கு விளக்க வேண்டுமா? நம் வீட்டுத் திண்ணையில் கேட்கிற கேள்விதானே! வெளிநாட்டுத் தொண்டனோ, தனக்குச் சோறு போடப் போகிறார்கள் என்று எண்ணி விழிக்கிறான்!

*

"எல்லாம் சரி ஐயா, வேலை செய்யப் போனவன் மூன்று திங்கள் வணக்கம் சொல்லக் கற்றுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பணம் பாழ் அல்லவா? பசித்தவனுக்குச் சோறு வேண்டும். மொழிப் பயிற்சி எதற்கு?" என்று கேட்பார்கள் கணக்குப் பிள்ளைகள். கணக்கோடே பதில் சொல்வோம்.

தென் ஆப்பிரிக்காவிலே 'பிளேபம்ப்' என்று ஒரு பொறி கண்டுபிடித்தார்கள். குழந்தைகள் ஏறிச் சுற்றுகிற ராட்டினம். அது சுற்றச் சுற்ற நிலத்தடி நீர் மேலேறித் தொட்டியிலே நிரம்பும். ஆட்டமும் ஆயிற்று, தண்ணீரும் ஆயிற்று! கேட்கும்போதே இனிக்கிறதல்லவா? 2006இல் அமெரிக்க அரசும் அறநிலையங்களும் சேர்ந்து 1 கோடியே 64 லட்சம் டாலர் அறிவித்தன. 2010க்குள் 4,000 பொறிகள் என்று குறி வைத்தார்கள். மேடையிலே கைதட்டல், ஏடுகளிலே படம், படத்திலே சிரிக்கும் குழந்தைகள்.

ஊரிலே என்ன நடந்தது? குழந்தைகள் எத்தனை மணி நேரம் சுற்றுவார்கள்? பள்ளிக்கூடம் போக வேண்டாமா? தண்ணீர் தேவைப்படுகிற வைகறையிலே ராட்டினம் ஏற எந்தக் குழந்தை வரும்? ஆகவே, தாய்மார்கள் அந்தச் சக்கரத்தைக் குனிந்து நிமிர்ந்து தள்ளினார்கள். ஊர் நடுவே, நாலு பேர் பார்க்க, குழந்தை விளையாட்டுப் பொருளை வயதான பெண்கள் தள்ள வேண்டிய வெட்கம் வேறு!

இதைக் கண்டு சொன்னவர் யார்? தலைநகரத்து வல்லுநர் மட்டுமல்ல. மலாவி நாட்டிலே தொண்டராகப் பணியாற்றிய கனடா நாட்டுப் பொறியாளர் ஒருவர், கடிகாரத்தைக் கையிலே வைத்துக்கொண்டு அளந்து பார்த்தார். சாதாரணக் கைப்பம்பில் ஒரு வாளி நிறைய அரை நிமிடம்; ராட்டினப் பம்பில் மூன்று நிமிடத்துக்கு மேல்! நன்றாக ஓடிக்கொண்டிருந்த கைப்பம்பைப் பிடுங்கிவிட்டு ராட்டினத்தை வைத்த இடங்களும் உண்டு. 2010இல் முதன்மைக் கொடையாளரே குறி தவறியதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டனர்.

இப்போது கணக்குப் பிள்ளை சொல்லட்டும்! பொறி வைக்குமுன் ஒரே ஒருவர், ஒரே ஓர் ஊரிலே, மூன்று திங்கள் தங்கி, அந்தப் பெண்களோடு விடியற்காலையில் குடம் எடுத்துக்கொண்டு நடந்திருந்தால், எத்தனை லட்சம் டாலர் மிஞ்சியிருக்கும்? எது வீண்? தங்கியதா, தங்காததா?

நம் கோவை வட்டாரத்திலே 1970களில் சோதித்துப் பார்க்கப்பட்ட 'இந்தியா மார்க் இரண்டு' கைப்பம்பு, இன்று ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலும் தண்ணீர் தருகிறது. அதிலே விளையாட்டு இல்லை, வேடிக்கை இல்லை. ஊர்க்கிணற்றிலே மக்கள் அடித்து அடித்துப் பார்த்த பிறகு ஊர் ஊராகப் போன பொறி அது. மக்கள் கை பட்டுத் தேர்ந்த பொருள், மேடையிலே கைதட்டு வாங்கிய பொருளைவிட நீண்ட நாள் உழைக்கிறது.

*

இன்னொரு சான்று. பெரியம்மை! நம் பாட்டனார் காலத்திலே வீட்டுக்கு வீடு பிணம் தூக்கவைத்த கொடுமை. அதை உலகத்திலிருந்தே ஒழித்துவிட்டோம் என்று 1980இல் உலகச் சுகாதாரப் பேரவை அறிவித்தது. அந்தப் போரின் கடைசிக் களங்களிலே ஒன்று எத்தியோப்பியா. மலையும் மடுவுமான நாடு. பல ஊர்களுக்கு வண்டிப் பாதையே கிடையாது. 1970களின் தொடக்கத்திலே அமெரிக்க அமைதிப் படையினரும் ஜப்பானியத் தொண்டர்களும் அங்குள்ள ஊழியர்களோடு சேர்ந்து, நடந்தும் கோவேறு கழுதை மீது ஏறியும் ஊர் ஊராகப் போனார்கள். ஆப்கானிஸ்தானத்திலே மற்றொரு தடை. வீட்டின் உட்கட்டிலே இருக்கிற பெண்களுக்கு அயல் ஆண் அம்மை குத்த முடியாது. அமைதிப் படைப் பெண்கள் அந்தப் பணியை ஏற்றார்கள். ஆண்கள் போகமுடியாத வாசல் அவர்களுக்குத் திறந்தது.

ஊசி எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஆனால் கையை நீட்டச் செய்தது எது? நம்பிக்கை! மொழி தெரியாமல், முறை தெரியாமல் போயிருந்தால், மலைமீது ஏறியவன் கல்லடி பட்டுத் திரும்பியிருப்பான். குடியமரத் தெரிந்த தொண்டன்தான் குழந்தையின் கையைப் பிடிக்க முடிந்தது.

*

குடியமராத தொண்டு எப்படி இருக்கும் என்பதையும் உழைக்கும் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால், அடி விழுவது உழைப்பவன் வயிற்றிலே!

பணக்கார நாட்டுப் பிள்ளைகள் இரண்டு வாரம் விடுமுறையில் வருகிறார்கள். வருவதற்குப் பெருந்தொகை கட்டணம் கட்டியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்குச் சுவர் எழுப்பப் போகிறார்களாம்! கரணை பிடிக்கத் தெரியாது. தூக்குக்குண்டு பார்க்கத் தெரியாது. ரசமட்டம் எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாது. பக்கத்துத் தெருவிலே கொத்தனார் ஒருவர், முப்பது ஆண்டு சுவர் கட்டியவர், வேலையில்லாமல் திண்ணையிலே உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சித்தாள் வேலைக்குப் போகிற அவர் மனைவியும் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பிள்ளைகளின் விமானக் கட்டணத்திலே எத்தனை கொத்தனார்களுக்கு எத்தனை திங்கள் கூலி கொடுத்திருக்கலாம்! உள்ளூரிலே கை இருக்கும்போது வெளியூர்க் கை எதற்கு? அந்த ஊரில் இல்லாத திறமையைக் கொண்டுபோ. இருக்கிற திறமையின் சோற்றைப் பிடுங்காதே!

இதைவிடக் கொடுமை, ஆதரவற்றோர் விடுதிகளின் பெயரால் நடப்பது. கம்போடியா போன்ற நாடுகளில் விடுதிகளிலே கிடந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருப்பது தெரியவந்தது. வருகிறவர்கள் கொஞ்சி மகிழக் குழந்தை வேண்டும். அதற்காகத் தாய் மடியிலிருந்து பிரித்துக் கொண்டுவந்த குழந்தைகளும் உண்டு! ஆஸ்திரேலியா 2018இல் இயற்றிய நவீன அடிமை முறைச் சட்டத்தையொட்டி, இத்தகைய ஆள் கடத்தலையும் அடிமை முறையின் ஒரு வடிவமாகவே ஏற்றது. நல்ல மனத்தோடு வந்து இரண்டு வாரம் கொஞ்சிவிட்டுப் போகிறவருக்கு இது தெரியுமா? தெரியாது. தெரிந்துகொள்ளும் அளவுக்கு அவர் தங்கவே இல்லையே!

*

இபாதான் மாணவர்கள் அன்று இன்னொன்றும் கேட்டார்கள். "தொண்டு என்ற பெயரிலே வல்லரசு நுழைகிறதா?" என்று. அந்த ஐயம் அறிவீனம் அல்ல. வணிகம் செய்ய வந்தோம் என்று சொல்லி அரியணை ஏறியவர்களைக் கண்ட மக்கள் அவர்கள். அமெரிக்காவுக்கும் சோவியத்துக்கும் பனிப்போர் நடந்த காலம். கென்னடியின் திட்டத்திலே கருணையும் இருந்தது, அரசியல் கணக்கும் இருந்தது. 1971இல் பொலிவியா நாடு அமைதிப் படையை வெளியேற்றியது.

1968இல் இவான் இல்லிச் என்ற சிந்தனையாளர், தொண்டு செய்யப் புறப்பட்ட வட அமெரிக்க மாணவர்களுக்கு முன்னே நின்று, உங்கள் நல்லெண்ணத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள் என்ற கருத்திலே வெளுத்து வாங்கினார். சுற்றிப்பார்க்க வா, கற்றுக்கொள்ள வா, உதவ மட்டும் வராதே என்பது அவர் வாதம். கசப்பான மருந்து! அவர் சொன்னதை நாம் முழுவதும் ஏற்கவில்லை. எத்தியோப்பிய மலையில் கழுதை ஏறிப் போனவனையும், இரண்டு வாரச் சுவர்க்காரனையும் ஒரே தராசிலே நிறுத்துவது நேர்மையாகாது. ஆயினும் அந்த மருந்தில் ஒரு துளி ஒவ்வொரு தொண்டனும் புறப்படுமுன் பருகத்தக்கது.

ஐயத்தை நீக்க வழி என்ன? அறிக்கையா? ஆண்டு விழாவா? இல்லை. நைஜீரியாவிலே அந்தப் புயலுக்குப் பிறகும் அமைதிப் படையின் பணி தொடர்ந்து நடந்தது. மற்றத் தொண்டர்கள் அங்கேயே தங்கினார்கள், வகுப்பெடுத்தார்கள், மாணவரோடு பேசினார்கள், பழகினார்கள். மாளிகையிலே குடியிருந்து குடிசைக்கு அறிவுரை சொல்கிறவன் அதிகாரி. குடிசைக்குப் பக்கத்துக் குடிசையிலே இருந்து, அதே கிணற்றிலே நீர் மொண்டு, அதே சந்தையிலே பேரம் பேசி, அதே காய்ச்சலிலே படுத்து எழுகிறவன் தோழன். அதிகாரியை மக்கள் வணங்குவார்கள், தோழனைத்தான் நம்புவார்கள்.

*

ஏன் இதையெல்லாம் நம் தோழர்களுக்குச் சொல்கிறோம்? அயல்நாட்டுத் தொண்டு என்றால் வெள்ளைக்காரன் கொடுப்பது, கறுத்தவன் வாங்குவது என்ற காலம் மாறிவிட்டது. 1970இல் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை தோற்றுவித்த தொண்டர் அமைப்பிலே, இன்று பெரும்பகுதியினர் ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா ஆகிய கண்டங்களிலிருந்தே வருகிறார்கள். பிரிட்டனிலே பிறந்த வி.எஸ்.ஓ.வும் கென்யாவிலிருந்தும் பிலிப்பைன்சிலிருந்தும் தொண்டர்களைத் திரட்டியிருக்கிறது. கேட்கப்படுவது குலமல்ல, கோத்திரமல்ல, வெள்ளைத் தோலல்ல, கைத்தொழில்! செவிலித்தாய், ஆசிரியர், மின் பணியாளர், பம்பு பழுது பார்ப்பவர் ஆகியோரை உலகம் தேடுகிறது. நாளை உங்கள் மகனோ மகளோ அந்த அழைப்பைப் பெறலாம்.

"இங்கே இல்லாத வறுமையா, அங்கே ஏன் போகவேண்டும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இங்கே செய்யாதவன் அங்கே செய்யமாட்டான், அது உறுதி. தன் தெருச் சாக்கடையைத் தாண்டிக் குதித்துப் போனவன், அயல்நாட்டிலே தூய்மை பேச அருகதை அற்றவன். ஆனால், இங்கே செய்து தேர்ந்தவன் அங்கே போவதால் இங்கே ஒன்றும் குறையாது. மற்றொரு நாட்டு உழைப்பாளியோடு ஒரே பாயில் படுத்து எழுந்தவனுக்கு, உலகத்து வறுமையெல்லாம் ஒரே வேரிலே முளைத்தது என்பது எந்த நூலும் சொல்லாமலே புரிந்துவிடும்.

அப்படிப் போகிற பிள்ளைகளுக்கு நாம் சொல்வது இவ்வளவுதான்.

அழைத்தவர் யார் என்று கேள். அந்த ஊரார் கேட்டார்களா, அல்லது யாரோ அவர்களுக்காகக் கேட்டார்களா? ஊர் கேளாத உதவி, உதவி அல்ல, திணிப்பு.

முதல் மூன்று திங்களுக்கு ஒரு கணக்கு வை. என்ன கட்டினாய், எவ்வளவு செலவிட்டாய் என்ற கணக்கு வேண்டாம். எத்தனை சொல் கற்றாய்? எத்தனை வீட்டிலே கை நனைத்தாய்? எத்தனை பேர் பெயர் சொல்லி உன்னைக் கூப்பிடுகிறார்கள்? இந்தக் கணக்கு தேறினால் மற்றக் கணக்குத் தானே தேறும்.

கைப்பேசியை அடக்கி வை. அன்று ஓர் அட்டை தவறி விழுந்தது. இன்று நொடிக்கு நூறு அட்டை தவறாமல் பறக்கிறது! ஏழைக் குழந்தையின் மூக்குச் சளியைப் படமெடுத்துத் தன் நாட்டாருக்கு அனுப்புகிறவன், அந்தக் குழந்தையின் தாயை ஒரு சொல் கேட்டானா? உன் தங்கையை அப்படிப் படமெடுத்தால் நீ பொறுப்பாயா? மேலும், அன்று வீட்டுக் கடிதத்துக்கு வாரக் கணக்கிலே காத்திருந்த தொண்டன், வேறு வழியின்றிப் பக்கத்து வீட்டிலே போய் உட்கார்ந்தான், ஊரோடு ஒட்டினான். இன்று உடல் ஆப்பிரிக்காவிலும் உள்ளம் கைப்பேசியிலுமாக இரண்டாண்டு கழித்துவிட முடியும். அதற்குப் பெயர் தொண்டு அல்ல. வெளியூரிலே அடைபட்டுக் கிடத்தல்.

கசப்பு வரும்போது ஊரை ஏசாதே, உறங்கி எழு. காய்ச்சல் வரும், தனிமை வரும், "நம்மால் ஒன்றும் ஆகவில்லையே" என்ற சோர்வு வரும். வராவிட்டால்தான் நீ இன்னும் ஊருக்குள் வரவில்லை என்று பொருள்!

கடைசியாக, வந்த நாளிலிருந்தே போகும் நாளை எண்ணி வேலை செய். 2020 மார்ச்சிலே கொரோனாத் தொற்று பரவியபோது, அமைதிப் படை தன் வரலாற்றிலே முதன்முறையாக உலகம் முழுவதிலுமிருந்து தன் தொண்டர்களைத் திரும்ப அழைத்தது. ஏறத்தாழ ஏழாயிரம் பேர், சில நாட்களுக்குள்ளே மூட்டை கட்டினார்கள். நின்று விடைபெறக்கூடப் பலருக்கு நேரமில்லை. அதுபோல உன்னையும் நாளைக் காலையிலே கிளம்பு என்று சொன்னால், நீ செய்த வேலையைச் செய்ய அந்த ஊரிலே ஓர் ஆள் இருக்கிறாரா? பம்பு பழுதானால் கழற்றி மாட்ட ஒரு பெண் பழகியிருக்கிறாளா? இருந்தால் நீ தொண்டன். இல்லையானால், நீ அந்த ஊருக்கு ஊன்றுகோல் கொடுக்கவில்லை. காலை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாய்!

பிச்சை போடுகிறவன் மேலே நிற்கிறான். வாங்குகிறவன் கீழே நிற்கிறான். எவ்வளவு இனிக்கப் பேசினாலும் அந்த உயரம் மாறாது. பக்கத்திலே உட்கார்ந்து பணியாற்றுகிறவனுக்கும் அவன் தோழனுக்கும் மட்டுமே உயரம் ஒன்று. உலகத்து ஏழை மக்களுக்கு மேலிருந்து நீளும் கைகள் போதும் போதும் என்று ஆகிவிட்டன. அவர்களுக்குத் தேவை பக்கத்திலே வந்து உட்காருகிற ஆட்கள். உட்காரத் தெரிந்தவர்கள் போகட்டும். தெரியாதவர்கள் முதலில் தம் தெருவிலே உட்கார்ந்து பழகட்டும்!